டையோடில் எந்தக் கால் பிளஸ்?

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் பவர் சப்ளை போர்டுகள் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ முடித்துவிட்டு கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர்ப் பக்கமிருந்து பயிற்சிக்கு வந்து சேரும் பிள்ளைகளின் கையில் ஒரு டையோடை, அதாவது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் எளிதாக விடும் பாகத்தைக் கொடுத்தால், பெரும்பாலும் அவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி இதுதான்: "சார், இதில் எந்தக் கால் பிளஸ்?" பேட்டரிக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கும் பொருந்துகிற கேள்வி அது; டையோடுக்குப் பொருந்தாது. ஆகவே நான் நேராகப் பதில் சொல்வதில்லை. "பிளஸ் எது என்று கேட்காதே தம்பி, கரண்ட் எந்தப் பக்கமாகப் போகும் என்று கேள்" என்றுதான் ஆரம்பிப்பேன். இப்படிக் கேள்வியை மாற்றிக்கொள்வது வெறும் சொல் சுத்தம் அல்ல என்பதையும், டையோடைத் தலைகீழாகப் பொருத்தும் தவறுகளில் பெரும்பகுதி அந்த முதல் கேள்வியிலிருந்தே பிறக்கிறது என்பதையும் விளக்குவதற்காகவே இந்தப் பதிவு.

வரைபடத்தில் டையோடின் குறியீட்டுக்கு இரண்டே உறுப்புகள்: ஒரு முக்கோணம், அதன் கூர்முனையைத் தொட்டபடி நிற்கும் ஒரு குறுக்குக் கோடு. முக்கோணத்தின் அடிப்பக்கம் ஆனோடு. குறுக்குக் கோடு கேத்தோடு. முக்கோணத்தை அம்பாகப் பார்த்தால் மின்னோட்டம் எளிதாகச் செல்லும் திசை கிடைத்துவிடுகிறது: ஆனோடில் நுழைந்து கேத்தோடில் வெளியேறுகிறது. கையில் இருக்கும் பொருளுக்கு வந்தால், 1என்4007 என்ற வகை டையோடு கறுப்பு நிறத்தில் அரிசியைவிடச் சற்றே தடித்த ஓர் உருளை. அதன் ஒரு முனையருகே வெள்ளி நிறத்தில் ஒரு வளையம் சுற்றியிருக்கும். வரைபடத்தில் உள்ள குறுக்குக் கோடும் உடலின் மீதுள்ள இந்த வளையமும் ஒன்றே. 1என்4148 ஆரஞ்சுச் சாயல் கொண்ட கண்ணாடி உடலில் கறுப்பு வளையத்தோடு வரும். வளையத்தின் நிறம் மாறினாலும் அது குறிப்பது கேத்தோடைத்தான். டையோடைக் குறியீட்டின் மேலேயே படுக்க வைத்து, வளையம் குறுக்குக் கோட்டின் மீது விழும்படி பொருத்திப் பார்க்கச் சொல்வேன். இதற்கு மேல் மனப்பாடம் எதுவும் தேவையில்லை.

போகிற போக்கில் ஒன்று. பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 1என்4007ஐ "ஐ.என். நாற்பது பூஜ்யம் ஏழு" என்று கேட்பவர்கள் ஏராளம், விலைப்பட்டியல்களிலும் அப்படியே அச்சாகியிருக்கும். அது ஆங்கில எழுத்து ஐ அல்ல, எண் 1. பி-வகை, என்-வகை என்ற இருவகைக் குறைக்கடத்திகள் சேரும் பி-என் சந்தி எத்தனை இருக்கிறது என்பதை முதல் எண்ணாக வைக்கும் அமெரிக்கப் பதிவு முறையிலிருந்து அது வருகிறது. டையோடில் சந்தி ஒன்று என்பதால் 1. எப்படிக் கேட்டாலும் கடைக்காரர் சரியான பொருளைத்தான் எடுத்துக் கொடுப்பார் என்பதால் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

திசை என்று சொன்னவுடன் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலை நன்றாகப் படித்த பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வரும், வரவும் வேண்டும். எலக்ட்ரான்கள் என்-வகைப் பகுதியிலிருந்து பி-வகைப் பகுதிக்கு, அதாவது கேத்தோடிலிருந்து ஆனோடுக்கு ஓடுகின்றன. அப்படியானால் அம்பு ஏன் எதிர்ப்பக்கம் பார்க்கிறது? மின்னூட்டத்துக்கு நேர்க்குறி, எதிர்க்குறி என்று பெயர் வைத்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர், எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டறிந்தது 1897இல். இடைப்பட்ட காலம் முழுவதும் மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் பாய்வதாகக் கொண்டே சமன்பாடுகளும் வரைபடங்களும் எழுதப்பட்டுவிட்டன, அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. குறியீட்டின் அம்பு இந்த மரபுத் திசையைத்தான் காட்டுகிறது. சர்க்யூட்டைப் படிக்கும்போது எலக்ட்ரானை மறந்துவிட்டு மரபுத் திசையை மட்டும் பிடித்துக்கொள்வதே நல்லது. இரண்டையும் மாறி மாறி நினைப்பவர்கள்தான் குழம்பிப்போகிறார்கள்.

டையோடை ஒருவழிப் பாதை என்று எல்லாரும் விளக்குவார்கள். தொடக்கத்துக்கு அந்த உவமை பரவாயில்லை என்றாலும் இரண்டு இடங்களில் அது கைவிட்டுவிடும். முதலாவதாக, சரியான திசையில் போவதற்கும் கட்டணம் உண்டு. சிலிக்கான் டையோடு ஓரளவு நன்றாகக் கடத்தத் தொடங்க ஆனோடு கேத்தோடைவிட ஏறக்குறைய 0.6 முதல் 0.7 வோல்ட் உயர்ந்திருக்க வேண்டும். ஜெர்மானியத்துக்கு 0.2, 0.3 வோல்ட் போதும். 1என்4007இல் 1 ஆம்பியர் பாயும்போது இந்த இழப்பு 1.1 வோல்ட் வரை போகலாம் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாள் சொல்கிறது. இரண்டாவதாக, எதிர்த்திசைத் தடுப்புக்கும் ஓர் எல்லை உண்டு: 1என்4001 தாங்குவது 50 வோல்ட், 1என்4007 தாங்குவது 1000 வோல்ட். அந்த எல்லையைத் தாண்டினால் தடுப்பு உடைந்துவிடும். உடைவதையே வேலையாகக் கொண்ட ஒரு டையோடும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முக்கியமான சொல் "உயர்ந்திருக்க வேண்டும்" என்பதுதான். ஆனோடு பிளஸ்ஸில் இருக்க வேண்டும் என்பதல்ல விதி. ஆனோடு தன் கேத்தோடைவிட மேலே இருக்க வேண்டும் என்பதே விதி. ஆனோடு 5 வோல்ட்டிலும் கேத்தோடு 12 வோல்ட்டிலும் இருந்தால் இரண்டு முனைகளும் பிளஸ்தான், ஆனாலும் டையோடு கடத்தாது. ஆனோடு தரையிலும் (அதாவது 0 வோல்ட்டிலும்) கேத்தோடு மைனஸ் 5 வோல்ட்டிலும் இருந்தால் பிளஸ் என்று எதுவுமே இல்லை, ஆனாலும் கடத்தும். இடையில் ரெசிஸ்டர் இல்லையென்றால் புகையும் வரும். "எந்தக் கால் பிளஸ்" என்ற கேள்வி இங்கேயே தோற்றுவிடுகிறது.

இதை ரிலே (காயில் காந்தமாகி இழுக்கும் மின்சுவிட்ச்) சர்க்யூட்டில் காட்டுவதுபோல வேறெங்கும் தெளிவாகக் காட்ட முடியாது. 12 வோல்ட் நீலநிறச் சிறு ரிலேயை எடுத்துக்கொள்வோம். அதன் காயிலின் மின்தடை ஏறத்தாழ 400 ஓம். ஆகவே 30 மில்லி ஆம்பியர் இழுக்கும். காயிலின் மேல்முனை 12 வோல்ட்டிலும், கீழ்முனை சுவிட்சாக வேலை செய்யும் பி.சி.547 டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலிலும் இணைந்திருக்கும், எமிட்டர் கால் தரையில். காயிலுக்கு இணையாக ஒரு டையோடு. புதிதாக வந்தவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்: "கோடு போட்ட பக்கம் பன்னிரண்டு வோல்ட்டில் இருக்கிறதே, தப்பாக வரைந்திருக்கிறார்களா சார்?" தப்பில்லை. டிரான்சிஸ்டர் வேலை செய்துகொண்டிருக்கும்வரை கலெக்டர் ஏறக்குறைய தரை மட்டத்தில் இருக்கிறது. அதோடு இணைந்த ஆனோடும் கீழே கிடக்கிறது, கேத்தோடு 12 வோல்ட்டில் மேலே நிற்கிறது, டையோடு சும்மா இருக்கிறது. டிரான்சிஸ்டரை நிறுத்தியவுடன் நிலைமை தலைகீழாகிறது. காயிலில் பாய்ந்துகொண்டிருந்த மின்னோட்டம் திடீரென நின்றுவிட முடியாது. தன் பாதையைத் தொடர வேண்டி, காயிலின் கீழ்முனையை மேலே மேலே தள்ளுகிறது. டையோடு இல்லாவிட்டால் அந்த முனை நூறு வோல்ட்டைக்கூடத் தாண்டலாம், பி.சி.547 தாங்குவதோ 45 வோல்ட். டையோடு இருந்தால், கீழ்முனை 12.7 வோல்ட் அளவை எட்டும்போதே ஆனோடு கேத்தோடைவிட உயர்ந்துவிடுகிறது, டையோடு திறக்கிறது, காயிலின் மின்னோட்டம் காயிலுக்குள்ளேயே சுற்றி வந்து அடங்கிவிடுகிறது.

இதே டையோடை "கோடு என்றால் மைனஸ்" என்று எண்ணித் திருப்பிப் போட்டுவிட்டால், டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே 12 வோல்ட்டிலிருந்து டையோடு வழியாகக் கலெக்டருக்கு நேர்ப்பாதை அமைந்துவிடும். காயிலுக்குக் கிடைப்பது 0.7 வோல்ட் மட்டும், ரிலே இழுக்காது. டிரான்சிஸ்டரோ தன்னால் இயன்ற மட்டும் இழுத்துச் சூடேறிச் சாகும். ரிலே சொடுக்கவில்லை, டிரான்சிஸ்டரில் விரல் வைக்க முடியவில்லை என்ற இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால், நான் முதலில் பார்ப்பது டையோடின் வளையத்தைத்தான்.

இனி ஜீனர் டையோடு. அதன் குறியீட்டில் குறுக்குக் கோட்டின் இரு முனைகளும் எதிரெதிர்த் திசைகளில் மடிந்திருக்கும். உடைவதையே வேலையாகக் கொண்ட டையோடு என்று சொன்னது இதைத்தான். 12 வோல்ட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக வந்து, 5.1 வோல்ட் ஜீனரின் கேத்தோடில் சேர்த்து, ஆனோடைத் தரையில் வைத்தால், ரெசிஸ்டரும் ஜீனரும் சந்திக்கும் இடத்தில் 5.1 வோல்ட் நிலைத்து நிற்கும். இங்கே மின்னோட்டம் அம்புக்கு எதிராக, கேத்தோடில் நுழைந்து ஆனோடில் வெளியேறுகிறது. ஆனாலும் முனைகளின் பெயர்கள் மாறுவதில்லை. அவை முன்னோக்குச் சார்பில், அதாவது ஆனோடு உயர்ந்திருக்கும் நிலையில், மின்னோட்டம் செல்லும் திசையை வைத்துச் சூட்டிய பெயர்கள். ஜீனரைத் திருப்பிப் போட்டவர்களுக்கு 5.1க்குப் பதில் 0.7 வோல்ட் கிடைக்கும். பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிவந்து அதையும் அதே பக்கமாகப் போடுவார்கள்.

மற்ற குறியீடுகளை விரைவாகப் பார்த்துவிடலாம். குறுக்குக் கோட்டின் முனைகள் சதுரக் கொக்கிகளாக ஆங்கில எஸ் வடிவில் வளைந்தால் ஷாட்கி டையோடு. இரண்டு முனைகளும் ஒரே பக்கம் மடிந்தால் டனல் டையோடு. வெளியே பாயும் இரண்டு சிறு அம்புகள் இருந்தால் எல்.இ.டி., உள்ளே பாய்ந்தால் ஒளியை உணரும் ஃபோட்டோடையோடு. கேத்தோடு பக்கம் ஒன்றுக்குப் பதில் இரண்டு இணைகோடுகள் இருந்தால் வேரக்டர். முக்கோணத்தை நிரப்பி வரைவதும் வெறும் கோடாக விடுவதும் வரைபவரின் வழக்கம். பொருளில் வேறுபாடு கிடையாது. ஐ.இ.சி. 60617 என்ற சர்வதேசத் தரத்தைப் பின்பற்றும் வரைபடங்களில் முக்கோணத்தின் நடுவே கம்பி ஊடுருவிச் செல்வதைப் பார்க்கலாம். அதிலும் புது அர்த்தம் எதுவும் இல்லை. கேத்தோடுக்கு கே என்ற எழுத்தையே இடுவது உலக வழக்கம். சி என்று எழுதினால் கெபாசிட்டரோ கலெக்டரோ என்ற குழப்பம் வரும். மாறுபாடுகள் எத்தனை இருந்தாலும் முக்கோணம் சாதாரணமாக மாறுவதில்லை, அலங்காரமெல்லாம் கோட்டின் மீதோ குறியீட்டுக்கு வெளியிலோதான் என்பதைக் கவனித்தால் இவற்றைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் பிரிட்ஜுக்குச் சற்று நேரம் கொடுக்கலாம், ஏனெனில் தேர்வுத்தாளில் இதை நினைவிலிருந்து வரைபவர்களில் பலர் ஒரு டையோடையாவது திருப்பி வரைந்துவிடுகிறார்கள். சாய்சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் ஒவ்வொரு டையோடு. மூலைகளைப் பாருங்கள்: பிளஸ் மூலையில் இரண்டு கேத்தோடுகள் சந்திக்கின்றன, மைனஸ் மூலையில் இரண்டு ஆனோடுகள், ஏ.சி. வரும் மற்ற இரண்டு மூலைகளிலும் ஒரு ஆனோடும் ஒரு கேத்தோடும். நான்கு அம்புகளும் பிளஸ் மூலையை நோக்கியே பயணிக்கின்றன என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். கேத்தோடு என்றால் மைனஸ் என்று படித்தவருக்கு இது முற்றிலும் முரணாகத் தோன்றும். திசையாகப் படித்தவருக்கோ, மின்னோட்டம் கேத்தோடு வழியாக வெளியேறுவதால் அது சேரும் இடம்தான் வெளியீட்டின் பிளஸ் என்பது இயல்பாக விளங்கும். நான்கும் ஒரே பெட்டிக்குள் அடங்கி வரும் பிரிட்ஜில், தட்டையான உடலாக இருந்தால் சரித்து வெட்டிய மூலை பிளஸ்ஸைக் காட்டும். உருண்டையான சிறு பிரிட்ஜில் நீளமான கால் பிளஸ். எந்த நேரத்திலும் இரண்டு டையோடுகள் வழியாக மின்னோட்டம் போவதால் ஏறக்குறைய 1.4 வோல்ட் இழப்பு நேரும். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் உச்ச மதிப்பான 17 வோல்ட்டிலிருந்து அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

டையோடு என்றாலே சிலிக்கான் என்று நினைக்கும் தலைமுறைக்கு ஒரு செய்தி. சில உலோகச் சல்ஃபைடுகள் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் எளிதாகக் கடத்துவதை ஃபெர்டினான்ட் பிரவுன் 1874இலேயே கவனித்தார். கலீனா என்ற ஈயச் சல்ஃபைடு படிகத்தைப் பயன்படுத்தும் உணர்கருவிக்காக ஜகதீஷ் சந்திர போஸுக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஃபிளெமிங் வெற்றிடக்குழாய் டையோடை உருவாக்கியதும் அதே ஆண்டில். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஜாலஹள்ளியில் 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1960களின் தொடக்கத்திலேயே ஜெர்மானியம் பொருட்களைத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது. நான் தினமும் வேலைக்குப் போகும் பீன்யாவுக்கு அது பக்கத்து ஊர்.

எல்.இ.டி.யில் வளையம் கிடையாது. நீளமான கால் ஆனோடு, குட்டையான கால் கேத்தோடு. கால்களை ஒரே அளவாக வெட்டிவிட்ட பிறகு, அடிப்பகுதியின் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பது தெரியும், அது கேத்தோடு. வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தால் பெரிய தகடாகத் தெரிவதும் வழக்கமாகக் கேத்தோடுதான் என்றாலும், அப்படி அமையாத எல்.இ.டி.களும் சந்தையில் இருப்பதால் நான் அதை நம்புவதில்லை. திருப்பிப் போட்டால் பெரும்பாலும் எரியாமல் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பல எல்.இ.டி.களுக்கு எதிர்த்திசை எல்லை வெறும் 5 வோல்ட் என்பதால் 12 வோல்ட் சர்க்யூட்டில் அந்த அலட்சியம் செல்லாது. போர்டின் மேல்பரப்பில் ஒட்டும் குட்டி எல்.இ.டி.களில் பச்சைப் புள்ளியோ வெட்டோ பொதுவாகக் கேத்தோடைக் குறிக்கும். பொதுவாக என்று சொல்வது காரணத்தோடுதான்: ஆனோடுப் பக்கம் புள்ளி வைக்கும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். எல்.இ.டி. சுருள் ஒன்று தீர்ந்து அடுத்த சுருளை வேறு தயாரிப்பாளரிடமிருந்து வாங்கும்போது தரவுத்தாளைத் திறந்து பார்க்காமல் இயந்திரத்தில் ஏற்றக்கூடாது.

கோடு என்றால் கேத்தோடு என்பது டையோடுக்குள் மட்டுமே செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் பட்டை மைனஸைக் காட்டும். மேல்பரப்பில் ஒட்டும் டான்டலம் கெபாசிட்டரின் பட்டையோ பிளஸ்ஸைக் காட்டும். அந்த டான்டலம் கெபாசிட்டரும் ஒட்டுடையோடும் பார்வைக்கு ஏறத்தாழ ஒரே அளவிலான பெட்டிகள். டான்டலத்தைத் திருப்பிப் போட்டால் அது தீப்பிடிக்கவும் கூடும் என்பதால், இந்த ஒன்றைப் பயிற்சிக்கு வருபவர்களிடம் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறோம்.

குறி அழிந்துபோன டையோடை மல்டிமீட்டர் காட்டிக்கொடுக்கும். சாதாரண மஞ்சள்நிற டிஜிட்டல் மீட்டரில் திருகை டையோடு குறியீட்டுக்கு நேராக வைத்து, சிவப்பு முனையை ஒரு காலிலும் கறுப்பு முனையை மற்றொரு காலிலும் தொடுங்கள். 550, 600 என்பதுபோல ஓர் எண் வந்தால் அது மில்லி வோல்ட். சிவப்பு தொட்டிருக்கும் கால் ஆனோடு. இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றால் திருப்பித் தொட்டுப் பாருங்கள். 700 வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், மீட்டர் செலுத்துவது ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். ஷாட்கியில் 200க்கும் கீழே காட்டலாம். இரண்டு பக்கமும் 1 என்றால் உள்ளே அறுந்துவிட்டது, இரண்டு பக்கமும் சுழியை ஒட்டிய எண் என்றால் ஒட்டிக்கொண்டுவிட்டது. நீலம், வெள்ளை எல்.இ.டி.களுக்கு மட்டும் இந்தத் தீர்ப்பு செல்லாது. அவை திறக்க 3 வோல்ட் அளவு வேண்டும், பல மலிவு மீட்டர்கள் அவ்வளவு கொடுப்பதில்லை. போர்டில் இருக்கும்போதே அளந்தால் இணையாக இருக்கும் காயிலும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் பொய்யான எண்ணைக் காட்டும். ஒரு காலையாவது சால்டரிலிருந்து எடுத்துவிட்டு அளப்பதே முறை.

தாத்தாவோ பெரியப்பாவோ விட்டுச்சென்ற முள் மீட்டரை வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தகைய மீட்டர்களில் பெரும்பாலானவற்றில் ஓம் வரிசைக்கு மாற்றும்போது உள்ளிருக்கும் பேட்டரியின் பிளஸ் முனை கறுப்புக் கம்பிக்கு வருகிறது. ஆகவே முள் நகரும்போது ஆனோடைத் தொட்டுக்கொண்டிருப்பது கறுப்பு. நல்ல டையோடை வளையம் தப்பாக அச்சானதாக முடிவுகட்டுபவர்கள் பெரும்பாலும் முள் மீட்டர்க்காரர்களே. வளையம் தெளிவாகத் தெரியும் ஒரு டையோடை முதலில் அளந்து, மீட்டரின் குணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு மற்றவற்றுக்குப் போகலாம்.

சொந்தமாகப் போர்டு வடிவமைக்கத் தொடங்குபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கீகேட் மென்பொருளின் நூலகத்தில் டையோடின் 1ஆம் முனை கேத்தோடு, 2ஆம் முனை ஆனோடு. வேறு இடத்திலிருந்து இறக்கிய குறியீடு ஒன்றில் 1 என்பது ஆனோடாக இருந்து, அதைக் கீகேடின் தடவரைவோடு (போர்டில் பாகத்தின் கால்கள் அமரும் செம்புத் தடங்களின் வரைவு) இணைத்துவிட்டால், வரைபடம் சரியாகவே தெரியும், மென்பொருளின் சோதனைகளும் பிழை சொல்லாது, ஆனால் செம்புத் தடங்களில் டையோடு திரும்பி அமர்ந்துவிடும். முப்பரிமாணக் காட்சியைத் திறந்து, ஒவ்வொரு டையோடின் வளையமும் வரைபடத்தின் குறுக்குக் கோடு இணைந்திருக்கும் அதே தடத்தின் மீது இருக்கிறதா என்று ஒன்றுவிடாமல் பார்த்த பிறகே கோப்புகளை அச்சுக்கு அனுப்புங்கள்; வளையத்தின் பக்கத்தில் கே என்ற எழுத்தையும் வெள்ளை மையில் சேர்த்துவிட்டால், பின்னாளில் அந்தப் போர்டைப் பழுது பார்க்க உட்காருபவருக்கு வரைபடத்தைத் தேடும் வேலை மிச்சம்.